பட்டா தாத்தா பேரில், கழனி அம்மா கையில். என்ன செய்யலாம்?

அணைக்கட்டுப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், திட்டாமல் படியுங்கள்.

அணைக்கட்டு ஒன்றியத்தில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் கழனி, அதை ஒட்டி முக்கால் ஏக்கர் கொல்லை. அப்பா லாரி ஓட்டியவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். 2021-ல் தவறிவிட்டார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பயிர் வைப்பது அம்மாதான். எந்தப் பட்டத்துக்கு என்ன விதை என்று முடிவு செய்வது, சேடை ஓட்ட டிராக்டர்காரரிடம் மல்லுக்கு நின்று நாள் வாங்குவது, நடவுக்கு ஆள் சொல்வது, ராத்திரி ஒரு மணிக்கு மும்முனைக் கரண்ட் வந்தால் டார்ச்சோடு மோட்டார் கொட்டகைக்கு ஓடுவது, எல்லாம் அவர்தான். அப்பா ஊருக்கு வரும்போது கழனிப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார், அதோடு சரி. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் அனுப்பிய பணத்தில்தான் போர் போட்டோம்.

கொல்லையில் முள்ளு கத்தரி. இலவம்பாடி கத்தரிக்காயைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. காம்பு, இலை, தண்டு என்று கை வைக்கும் இடமெல்லாம் முள். சாயங்காலம் பறித்து மூட்டை கட்டினால்தான் விடியற்காலை வண்டியில் நேதாஜி மார்க்கெட் போய்ச் சேரும். ராத்திரி சாப்பிட உட்காரும்போது அம்மா இடது கையால் வலது கை முள்ளை எடுத்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் பயிர்க் கடன் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.) அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "விவசாயி வரலையாம்மா?" அம்மா "நான்தாங்க" என்றிருக்கிறார். கம்ப்யூட்டரில் பார்த்தால் சிட்டா, அதாவது நிலம் யாருடையது என்று சொல்லும் கணக்கு, எங்கள் தாத்தா பேரில். தாத்தா 1996-லேயே போய்விட்டார். "பேர்ல நிலம் இல்லாம எப்படிம்மா விவசாயி, வீட்டுக்காரர் பேர்ல இருந்தாக்கூட ஏதாவது பார்க்கலாம்" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 2019-லிருந்து வருஷம் 6,000 ரூபாய் வருகிற பி.எம். கிசானும் இதே காரணத்தால் எங்களுக்கு வந்ததில்லை. ஆனால் 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஒழுங்காக அம்மா கணக்கில் விழுகிறது. குடும்பத் தலைவி என்று ஒத்துக்கொள்கிறார்கள், விவசாயி என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

எனக்கு அதைவிட உறுத்துவது, அம்மா போனில் சொன்னது: "அவன் கேட்டதுலயும் ஞாயம் இருக்குல்ல, என் பேர்ல ஒண்ணுமே இல்லையே."

தம்பி பெங்களூரில் வேலை. அம்மா பேருக்கு மாற்ற அவனுக்கு ஆட்சேபம் இல்லை. எப்படி மாற்றுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நவரை நெல்

தங்கச்சி, உங்கள் அம்மா கஷ்டம் புரிகிறது. ஆனால் இதில் ஆண் பெண் என்று எதுவும் இல்லை. செத்தவர் பேரில் சிட்டா இருந்தால் ஆம்பிளை போய் நின்றாலும் இதே பதில்தான் வரும். காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் எனக்கு நாலு ஏக்கர், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நிலம் இன்னும் பாட்டன் பேரில்தான் இருக்கிறது. அலைய வேண்டியதுதான்.

பெண்கள் விவசாயம் என்று பேச்சு வந்ததால் என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்று முற்றிப்போய் நட்டேன், நாற்பது நாள் நாற்று, தூர் கட்டுமா? நூறு நாள் வேலை வந்ததிலிருந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுக் காசு வாங்கிப் பழகிவிட்டார்கள். கழனியில் இறங்கச் சொன்னால் இடுப்பு வலி என்கிறார்கள். இப்படியே போனால் அம்மா பேரில் பட்டா இருந்து என்ன, யார் வந்து நடுவார்கள்?

கணியம்பாடிக்காரி

வந்துடுச்சு மரத்தடி. இந்தக் கதையை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீர்கள் அண்ணே?

நான் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக மூன்று வருஷம் இருந்தவள். அந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒருநாள் வந்து பாருங்கள். அறுபது வயசு ஆயாக்கள். உங்கள் அப்பா காலத்திலிருந்து உங்கள் கழனியில் குனிந்து குனிந்து நட்டவர்கள், இடுப்பு வலி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மண்வெட்டியோடு வரப்பில் அண்டை வெட்ட வரும் ஆம்பிளைக்கு எவ்வளவு கூலி, நட வரும் பொம்பளைக்கு எவ்வளவு? எங்கள் பக்கம் அவருக்கு 700, இவளுக்கு 350. அவருக்கு மட்டும் டீ, போண்டா தனி. சம ஊதியச் சட்டம் 1976-ல் வந்தது, அது இன்னும் எங்கள் ஊர் வரப்பைத் தாண்டவில்லை. நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். 2024-25-க்கு 319 ரூபாய் என்று அறிவித்தார்கள், அளவெடுத்துப் போடுவதால் கைக்கு வருவது அதைவிடக் குறையும், வந்து சேரவும் நாளாகும். அப்படி இருந்தும் ஏன் போகிறார்கள் என்றால், காசு அவள் பேரில் இருக்கிற கணக்கில் விழுகிறது, பிறகு அங்கே யாரும் வரப்பில் நின்றுகொண்டு "ஏய் இவளே" என்று கூப்பிடுவதில்லை.

அந்த வேலையில் என்ன கிழித்தார்கள் என்று கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நாகநதி தெரியும்தானே, ஜவ்வாது மலையிலிருந்து வருவது. வருஷக்கணக்கில் மணல் மட்டும்தான் ஓடியது. எங்கள் ஒன்றியத்தில் நூறு நாள் திட்டத்தில்தான், வாழும் கலை அமைப்புக்காரர்கள் எங்கே தோண்டுவது என்று இடம் குறித்துக் கொடுக்க, பெண்கள் குழி தோண்டி, சிமெண்ட் உறை இறக்கி, நீர் செறிவூட்டும் கிணறு கட்டினார்கள். மலைச்சரிவில் கல் அடுக்கித் தடுப்பு போட்டார்கள். வேலூர், திருவண்ணாமலை இரண்டு மாவட்டத்திலும் சேர்த்துச் சுமார் 20,000 பெண்கள் என்று கணக்கு சொல்கிறார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரே மனதின் குரல் வானொலிப் பேச்சில் சொன்னார். அந்தக் கல்லில் நாலு கல் நான் சுமந்தது.

சரி, நிலத்தடி நீர் ஏறியது. ஏறிய தண்ணீர் யார் கிணற்றில் நின்றது? பட்டா வைத்திருப்பவர் கிணற்றில். எங்களுக்கு அன்றன்றைய கூலி, அவருக்கு மூன்று போகம். நல்லா இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே ஆள் அடுத்த பட்டத்துக்கு "பொம்பளைங்களுக்குத் திமிர் ஏறிடுச்சு, ஆள் வரமாட்டேங்குறாங்க" என்று டீக்கடையில் பேசும்போது எரிகிறதா இல்லையா?

பாலாற்று மணல்

கணியம்பாடிக்காரி அக்கா, வேற லெவல். நவரை நெல் அண்ணன் பதில் சொல்லும் வரை காத்திருக்கிறேன்.

பழைய கர்ணம்

கேட்ட கேள்வியை விட்டுவிட்டு எல்லோரும் எங்கேயோ போய்விட்டீர்கள். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பெண்ணுக்குப் பிடிக்காத பதில்தான்.

அம்மா, உங்கள் தாயார் பேருக்கு நேராகப் பட்டா மாற்ற முடியாது. தாத்தா சொந்தமாக வாங்கிய நிலமா, முன்னோர் வழியாக வந்த பிதுரார்ஜிதமா? உயில் உண்டா? உங்கள் அப்பாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? இதை எழுதாமல் தம்பிக்கு ஆட்சேபம் இல்லை என்பதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அத்தைகள் இருக்கிறார்களா?

சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லை என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பிதுரார்ஜிதம் என்றால் தமிழ்நாட்டில் 1989 திருத்தத்தில்தான் மகளுக்கும் பிறப்பால் பங்கு வந்தது, அதிலும் 25.3.1989-க்கு முன் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டார்கள். 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த வேலியும் போய்விட்டது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005-ல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்றும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறைப்படி பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைத் தொட முடியாது.

வழி இதுதான். தாத்தாவுக்கு ஒரு வாரிசுச் சான்றிதழ், அப்பாவுக்கு ஒன்று, இரண்டும் வட்டாட்சியரிடம். அதை வைத்து எல்லோர் பேரிலும் கூட்டுப் பட்டா. பிறகு மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக மனமுவந்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் அம்மா பேரில் தனிப் பட்டா. யாரும் எழுதித் தராவிட்டால் அம்மாவுக்குச் சட்டப்படி வருவது அப்பா பங்கில் மூன்றில் ஒன்று, மீதி உங்களுக்கும் தம்பிக்கும்.

அணைக்கட்டுப் பொண்ணு

ஐயா, நன்றி. நிலம் தாத்தா வாங்கியதுதான், உயில் இல்லை. அப்பாவைப் பெற்ற ஆயாவும் இல்லை. அத்தைகள் இரண்டு பேர்.

நீங்கள் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு மூன்றில் ஒன்று, அதில் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று. ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டு ஏக்கரில் இருபத்திரண்டு சென்ட். முப்பது வருஷம் பாடுபட்டதற்கு இருபத்திரண்டு சென்ட்!

அத்தைகளுக்குத் தாத்தா நிலத்தை அடமானம் வைத்து நகை போட்டார், அந்தக் கடனை அடைத்தது அப்பாவும் அம்மாவும். சீர், வளைகாப்பு, காதுகுத்து என்று இன்றுவரை செய்கிறோம். கழனியில் ஒருநாள் களை எடுத்திருப்பார்களா? அவர்களுக்கும் பங்கு என்றால் அது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

ஆரணி அத்தை

இந்த இழையை நாலு நாளாகப் படிக்கிறேன், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்தக் கடைசிப் பதிவைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

நானும் ஒருத்திக்கு அத்தைதான் கண்ணு. 2003-ல் அண்ணன்கள் என்னைக் கார் வைத்து அழைத்துக்கொண்டு போனார்கள். பதிவு ஆபீஸ் வாசலில் வைத்துத்தான் விஷயத்தையே சொன்னார்கள். ஒரு புடவை, கையில் இரண்டாயிரம் ரூபாய், ஓட்டலில் சாப்பாடு. எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது, நான் நூல் சுற்றிக் கொடுத்து நெய்கிற புடவையில் கால்வாசிகூடப் பெறாத புடவை அது. கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், நாளைக்கு என் பெண் கல்யாணத்துக்கு மாமன் சீர் வராது, வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடித்தால் போய் நிற்க ஒரு திண்ணை இருக்காது. அதற்குப் பயந்துதான் போட்டேன். மனமுவந்து என்று பத்திரத்தில் எழுதியிருந்தது, படித்துக் காட்டினார்கள்.

சீர் செய்தோம் என்கிறாய். நகை கல்யாணத்தன்றே மாமியார் பீரோவுக்குப் போனது. அது மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தது, எனக்குக் கொடுத்ததில்லை. களை எடுக்கவில்லை என்கிறாய். கல்யாணத்துக்கு முன்னால் உன் அத்தைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று விசாரித்தாயா? நான் பத்து வயசிலிருந்து மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில்தான் இருந்தேன். பள்ளிக்கூடம் போனது தம்பி.

உன் அம்மா பாடுபட்டது இல்லை என்று யார் சொன்னது? அவளுக்குத்தான் அந்தக் கழனி சேர வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று கேட்டுவிட்டு வா. உன் அம்மா அவள் பிறந்த வீட்டு நிலத்துக்கு என்ன செய்தாள்?

நவரை நெல்

கணியம்பாடித் தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் ஓடிவிட்டேன் என்பார்கள். சொல்கிறேன். எங்கள் ஊரிலும் 700, 350-தான். வேலை வேறே வேறே என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். மண்வெட்டி பிடிப்பது வேறே, நடுவது வேறே என்று. எது கஷ்டம் என்று கேட்டால் நான் இரண்டையும் செய்து பார்த்ததில்லை, அண்டை மட்டும்தான் வெட்டியிருக்கிறேன்.

இப்போது நாள் கூலிக்கு யாரும் வருவதும் இல்லை. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்துகொண்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசித்தான் இறங்குகிறார்கள். ஒரு அம்மாள் தலைக்கட்டு, அதாவது குழுவுக்குத் தலைவி, போனில் அவளே பேசுகிறாள், நாள் குறிக்கிறாள். நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கோபம் அதில்தான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். நான் ஏரிப் பாசன சங்கத்தில் இருக்கிறேன். 2000-ல் வந்த சட்டப்படி ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் பரப்பில், நிலம் உள்ளவருக்குத்தான் அதில் ஓட்டு. மடை திருப்ப, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட வருவது முக்கால்வாசி பெண்கள், சங்கத்து நோட்டில் பார்த்தால் பெண் பேர் நாலைந்து, அவர்களும் விதவைகள், கூட்டத்துக்கு வருவது அவர்கள் மகன்கள். இதை இதுவரை யோசித்ததில்லை.

பாலாற்று மணல்

அண்ணன் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவார் என்று எதிர்பார்க்கவில்லை, சப்பென்று ஆகிவிட்டது.

நான் வேறு ஒரு விஷயம் சொல்லலாமா? ஆம்பூர் பக்கம் எங்கள் ஊர். காலை ஏழு மணிக்கு ரோட்டில் நின்று பாருங்கள், ஷூ கம்பெனி வண்டிகள் வரிசையாக வரும், முப்பத்தைந்து வயசுக்குள் இருக்கும் பெண்கள் எல்லோரும் அதில். பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ். என் அக்காவும் போகிறாள். அவளிடம் போய் நிலத்தில் பங்கு வாங்கிப் பயிர் வை என்றால் சிரிப்பாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் தோல் கழிவில் நாசமாகி நான் பிறப்பதற்கு முன்னாலேயே பயிர் போய்விட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவன்தான் பணம் கட்டி ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பு சொன்னதே, அது எங்கள் பழைய வேலூர் மாவட்டத்து வழக்குதான். ஈட்டுத் தொகை யாருக்குக் கொடுப்பார்கள்? நிலத்துக்காரருக்கு. கூலிக்குப் போன எங்கள் ஆயாவுக்கு வேலையும் போச்சு, ஈடும் இல்லை. அதனால் பட்டா, பட்டா என்று பேசும்போது துண்டு நிலம்கூட இல்லாதவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கணியம்பாடிக்காரி

தம்பி சொன்னது சரி, எனக்கும் நிலம் இல்லை. வீட்டுமனை மட்டும்.

என் பேரில் இருப்பது என்ன தெரியுமா? கடன். மகளிர் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து கையெழுத்து என்னுடையது. 1989-ல் தர்மபுரியில் இந்தக் குழுக்களைத் தொடங்கியபோது பெண்கள் தங்கள் சேமிப்பைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள், அதனால் எங்களுக்கு நடந்த நல்லது நிறைய, பேங்க் வாசலை மிதிக்கக் கற்றுக்கொண்டதே அதில்தான். ஆனால் கணக்கு எடுத்துப் பாருங்கள், வாங்கிய கடனில் பாதி வீட்டுக்காரர் கொல்லைக்கு உரமாகப் போயிருக்கும். நிலம் அவர் பேரில், உரக் கடன் அவள் பேரில். வாராவாரம் வசூலுக்கு வருகிறவன் அவள் வீட்டு வாசலில்தான் உட்காருவான்.

ஊராட்சியும் அப்படித்தான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நம் மூன்று மாவட்டத்துக்கும் 2021 அக்டோபரில்தானே தேர்தல் நடந்தது, பாதி இடம் பெண்களுக்கு. எங்கள் பக்கத்து ஊராட்சித் தலைவி முதல் ஆறு மாதம் வீட்டுக்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு என்ன ஆனதோ, மோட்டார் பில்லில் ஏதோ தகராறு, ஒருநாள் கிராம சபையில் எழுந்து, "அந்த நோட்டை இங்க குடுங்க, நான் படிச்சுட்டுப் போடறேன்" என்றார். அன்றிலிருந்து அந்த மனுஷன் ஆபீஸ் பக்கம் வருவதில்லை. எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை, தெரியும்.

பழைய கர்ணம்

நிலமில்லாதவர் பேச்சு வந்ததால் ஒரு தகவல். எம்.எஸ். சுவாமிநாதன் 2012-ல் மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பயிர் வேலை செய்யும் பெண்ணுக்கு, நிலம் அவள் பேரில் இல்லாவிட்டாலும், கிராம சபை பார்த்து ஊராட்சி மூலமாகப் பெண் விவசாயி என்று சான்றிதழ் கொடுக்கலாம் என்பது அதில் இருந்தது. ஊரில் யார் பயிர் வைக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியாதா? சட்டமாகவில்லை, அப்படியே காலாவதியாகிவிட்டது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுக்க நூறு சாகுபடிதாரரில் பதினாலு பேர்தான் பெண்கள் என்று கணக்கில் வருகிறது. யார் என்ன பயிர் வைத்தார் என்று அடங்கல் கணக்கு நான் எழுதிய முப்பது வருஷத்தில் கழனியில் நேரில் பார்த்தது பெண்ணை, நோட்டில் எழுதியது அவள் வீட்டுக்காரரை. படிவத்தில் என்ன பத்தி இருந்ததோ அதைத்தான் நிரப்பினேன். ஐ.நா. சபை 2026-ஐப் பெண் விவசாயிகள் ஆண்டு என்று அறிவித்திருக்கிறது. கோலப்போட்டி வைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அணைக்கட்டுப் பொண்ணு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆரணி அத்தை, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். முதலில் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார். பிறகு சொன்னார். ஒடுகத்தூர் பக்கம் மாமாக்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், 2006-ல். நான் அப்போது மூன்றாம் வகுப்பு, மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று எனக்குப் புதுக் கவுன் வாங்கிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. அந்தப் பயணம்தான் அது. முக்கால் ஏக்கர் வந்திருக்கும் என்றார் அம்மா, சர்வே எண் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது அவருக்கு.

அத்தைகளிடமும் பேசினேன். பெரியத்தை போனிலேயே, "எழுதித் தரேன். ஆனா உங்க அம்மா பேருக்குத்தான், உன் தம்பி பேருக்குன்னா தரமாட்டேன்" என்றார். சின்னத்தை யோசித்துச் சொல்கிறேன் என்றார், அவர் மகன் வேறு மாதிரி பேசுகிறான். கேட்பது அவர் உரிமை, அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. எனக்கு வருகிற இருபத்திரண்டு சென்ட்டை அம்மாவுக்கு எழுதித் தருவேன், தம்பியும் அப்படியே சொன்னான், சொன்னதோடு நிற்கிறான், நாள் கேட்டால் லீவு இல்லை என்கிறான்.

இடையில் புதுத் தலைவலி. தாத்தாவுக்கு இறப்புச் சான்றிதழே வாங்கவில்லையாம். ஐயா, அதற்கு என்ன செய்வது?

பழைய கர்ணம்

ஒரு வருஷத்துக்கு மேல் பதியாமல் விட்ட இறப்பு என்றால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். முதலில் பதிவேட்டில் இல்லை என்று ஒரு சான்று வாங்குங்கள். மனுவில் அம்மாவின் பேரை முதலில் எழுதுங்கள், தம்பி பேரை இல்லை. அலுவலகத்துக்கு வருவது அவர்தானே.

நவரை நெல்

நல்ல செய்தி தங்கச்சி. கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, உங்கள் பக்கம் நடவுக் குழு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நாற்று இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது, இந்த முறையும் முற்றவிட முடியாது.

கணியம்பாடிக்காரி

இருக்கிறார்கள் அண்ணே, பன்னிரண்டு பேர். தலைக்கட்டு அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன். 350-க்கு வரமாட்டார்கள், டீ, போண்டா எல்லோருக்கும்.